எதிர்க்காற்று, இருபது நிமிடம்

தங்கபுஷ்பத்துக்கு மட்டும் பதினோரு வருடமாகக் காற்று எதிரிலிருந்தே வீசியது. தெற்கே போனாலும் எதிர்க்காற்று, வடக்கே திரும்பினாலும் எதிர்க்காற்று. ஆடிக் காற்று அம்மியையே தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து ஊரில் வைத்துவிட்டு வந்த நாளிலும் சரி, பங்குனியில் ஓர் இலைகூட அசையச் சோம்பல்பட்ட நாளிலும் சரி, அவளுடைய பயணப் பதிவேட்டில் ஒரே வரிதான்: ‘எதிர்க்காற்று, இருபது நிமிடம்.’

அந்த வரிக்குக் கீழே ஒரு கையெழுத்து இருக்கும். கோயில்பிள்ளை, தணிக்கையாளர், தேரி இறங்குதளம். அது நான்தான். அப்படி மூவாயிரம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வானிலைத் துறைக்காரன் யாராவது அந்தப் பதிவேட்டைப் பார்த்திருந்தால் தன் வேலையை விட்டுவிட்டு ஆட்டுக்கறிக் கடை வைத்திருப்பான்.

கடல் ஏறிவந்து கடற்கரைச் சாலையை மூன்று துண்டாகத் தின்றபிறகு நடந்த கதை இது. பஸ் ஓடிய இடத்தில் சீலா மீன் ஓடியது. பஸ்ஸைவிட நேரத்துக்கு வந்தது என்றும் சொல்வார்கள். மணப்பாடும் அதைச் சுற்றிய பத்துப் பன்னிரண்டு ஊர்களும் தீவுகளாகிவிட்டன. மருந்து, தபால், ரத்தப் பரிசோதனைக் குப்பி என்று எது போனாலும் ஆகாயத்தில்தான் போயாக வேண்டும். அதற்கு வந்தவைதான் ட்ரைக் வண்டிகள். எங்கள் பக்கத்து ஜனம் அதற்கு உடனே பெயர் வைத்துவிட்டது: தொங்கட்டான்.

அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. மேலே ஒரு முக்கோண இறக்கை. நாலைந்து அலுமினியக் குழாய், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி, துணிக்குள் விலா எலும்புபோல வளைத்துச் செருகிய மெல்லிய கம்பிகள். கீழே மூன்று சக்கரம், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, முதுகுக்குப் பின்னால் எஞ்சின், அதற்கும் பின்னால் தள்ளுவிசிறி. எஞ்சினுக்குத் தீனி பனஞ்சாராயம். எஞ்சினுக்கு ஊற்றினால் எரிபொருள், ஆளுக்கு ஊற்றினால் குற்றம். மேலே இருக்கிற இறக்கையையும் கீழே இருக்கிற வண்டியையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட். என் கட்டைவிரல் தடிமன்கூட வராது. அது முறிந்தால் பிடித்துக்கொள்ள ஒரு துணை வடம் உண்டு. வடமும் போனால் பிடித்துக்கொள்ள ஆண்டவர் உண்டு. தினமும் காலையில் அந்தப் போல்டைத் தொட்டுப் பார்த்து, ‘பறக்கலாம்’ என்று எழுதுவது என் உத்தியோகம்.

வால் கிடையாது. திருப்புவதற்குச் சுக்கான் கிடையாது. இறக்கையிலிருந்து ஒரு முக்கோணச் சட்டம் ஓட்டுகிறவரின் மார்புக்கு நேரே இறங்கும். அதன் அடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பை இப்படியும் அப்படியும் நகர்த்தினால், உடம்பு சாய்ந்த பக்கம் இறக்கை சாயும். ஆளுடைய கனம்தான் சுக்கான். ஆறு மணி நேரம். காற்று கொடுக்கிற ஒவ்வொரு குத்தும் நேராகத் தோள்பட்டைக்கு.

“இதுக்குப் பேரு பறக்கிறதா அண்ணாச்சி?” என்று தங்கபுஷ்பம் கேட்பாள். “முரட்டுக் காளைய மூக்கணாங்கயத்துல புடிச்சிக்கிட்டு ஆறு மணி நேரம் நிக்கேன். கீழ நின்னு பாக்கிறவன் என்னமோ பருந்து போகுதுன்னு நெனைக்கான்.”

அந்த இருபது நிமிடம் காற்றில்லை, தூக்கம். அதற்காக அவள் ஆரம்பத்திலிருந்தே தூங்கினாள் என்று நினைக்க வேண்டாம். முதல் வருடம் கண் கொட்டாமல் ஓட்டினாள். ஏழு தடத்துக்கு மூன்று பேர்தான் விமானிகள். விடிவதற்கு முன் எழுந்து வீட்டு வேலையை முடித்து, ஏழு மணிக்கு வண்டி ஏறி, நடுநடுவே தீவுகளில் இறங்கிப் பெட்டி கொடுத்து, மாலை ஐந்துக்குத் திரும்புவாள். ஒருநாள் மணப்பாட்டில் உப்பளத்து ஆள் ஒருவரைக் கண்ணாடிவிரியன் கடித்துவிட்டது. மருந்துப் பெட்டி ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஆள் பிழைத்தார். கால் போய்விட்டது.

நான் அவளைக் கூப்பிட்டுக் கத்தினேன். இறங்குதளத்தின் தகரக் கூரை நாலு இடத்தில் நெளிந்துவிட்டது.

“ஒரு மணி நேரம் எங்க போன? எங்கயாவது எறங்கித் தூங்கினியா?”

“தூங்கல்ல அண்ணாச்சி. அதான் லேட்டு.”

“என்ன கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு?”

“அவசரம்னு ஒரு பொட்டு அசராம வந்தேன். பாதியில கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா நாலாபக்கமும் கடலு. இன்னும் செத்த நேரம் போயிருந்தா கொழும்புல எறங்கி டீத்தான் கேட்டுருப்பேன்.” அவள் சிரிக்கவில்லை. “தூங்கினா இருவது நிமிஷம் லேட்டு. தூங்காட்டா ஒரு மணி நேரமும் ஒரு காலும். நீங்களே சொல்லுங்க, எது வேணும்?”

மறுநாளிலிருந்து பதிவேட்டில் காற்று வீச ஆரம்பித்தது.

தினமும் மதியம் இரண்டு நாற்பதுக்கு, உடை என்கிற முள்மரம் ஒன்று ஒற்றையாக நிற்குமே, அதற்குப் பக்கத்திலே பழைய உப்பளத் திட்டில் இறங்குவாள். வெயிலுக்கு வெந்து செங்கல்போல இறுகிய தரை. எஞ்சினை அணைப்பாள். இறக்கையின் நிழலே பந்தல். இருக்கையில் சாய்ந்து இரண்டு காலையும் தூக்கி அந்தக் கம்பியின்மேல் வைத்துக்கொள்வாள். தூக்கத்தில் கால் மெதுவாக ஆடும். கால் ஆடினால் கம்பி ஆடும், கம்பி ஆடினால் இறக்கை ஆடும். பத்து மீட்டர் அகலத்துக்கு ஒரு விசிறி! மகாராஜாக்களுக்கு நாலு ஆள் நின்று வீசினாலும் அந்தக் காற்று வந்திருக்காது.

மருந்துப் பெட்டியில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் அவசரம் என்று பொருள். அன்றைக்கு மட்டும் கிளம்புவதற்கு முன்பே என் அறைப் பெஞ்சில் இருபது நிமிடம் படுத்துவிட்டுத்தான் ஏறுவாள். அதையும் எதிர்க்காற்று என்றே எழுதினேன். அறைக்குள் எப்படிக் காற்று என்று என்னை யாரும் கேட்கவில்லை.

இப்படியே போயிருக்கும். அப்போதுதான் சொரணைத் துணி வந்தது.

அரசாங்கத்தில் அதற்கு ஒரு முழ நீளப் பெயர். எங்களுக்குச் சொரணைத் துணி. பழைய துணியை உருவிவிட்டு அதைக் குழாய்களில் மாட்டியபோது தங்கபுஷ்பம் தடவிப் பார்த்தாள்.

“என்ன அண்ணாச்சி, கல்யாணச் சீல மாதிரி மினுங்குது?”

“உள்ள முடிய விட மெல்லிசா இழை ஓடுது. நீ எந்தக் காத்துக்கு எந்தப் பக்கம் சாயுத, எவ்வளவு சாயுதன்னு அதுக்குத் தெரியும். சீட்டுலயும் அந்த இழை இருக்கு. எல்லாத்தையும் படிச்சுக்கிடும்.”

“படிச்சு?”

“ஆயிரம் மணி நேரம் ஒன்கூடப் பறக்கும். அதுக்கப்புறம் ஒனக்குப் பதிலா சீட்டுல ஒன் கனத்துக்கு மணல் மூட்டைய வச்சிருவாவ. கம்பிய ஆட்டுறதுக்கு ரெண்டு பக்கமும் மோட்டாரு இப்பவே மாட்டியாச்சு, எஞ்சினையும் அதுவே போட்டு அணைச்சுக்கிடும். ஒன்ன மாதிரியே தானா ஓட்டும்.”

“மூட்டையா? எனக்குப் பதிலா?”

“அறுவத்திரண்டு கிலோ. பத்துக் கிலோப் பை அஞ்சு, பன்னெண்டு கிலோப் பை ஒண்ணு.”

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தத் துணியில் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள். “அப்ப நான் வீட்டுக்குப் போலாமா அண்ணாச்சி?”

போகலாம். துணி தேறினால். தேர்வு அலுவலர் வருவார், ஆள் இல்லாமல் முழுத்தடமும் பறக்க விடுவார். பிசகில்லாமல் பறந்தால் விமானிக்கு அன்றே விடுவிப்பு. பிசகினால் அந்தத் துணியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத்துணி மாட்டுவார்கள். மறுபடி முதலிலிருந்து ஆயிரம் மணி நேரம். அவளுக்கு வயது ஐம்பத்தாறு. தோள் வலியில் வலது கை காதுக்கு மேலே ஏறாது. தலை வாரிக்கொள்ளவே இடது கைதான்.

தொள்ளாயிரத்து அறுபது மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் அப்போதுதான் ஒருசேர விடிந்தது. நான் போல்டைத் தடவிக்கொண்டு நின்றேன். அவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, இது நான் செய்யிற எல்லாத்தையும் படிக்குமா?”

“எல்லாத்தையும்.”

“ரெண்டே முக்காலுக்கு நான் செய்யிறதையுமா?”

நான் போல்டை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மிச்சமிருந்த நாற்பது மணி நேரத்தில் அதை மறக்கடிப்பது என்று முடிவு செய்தோம். அவள் தூங்காமல் ஓட்ட வேண்டியது. துணி, ‘ஓகோ, இனி இறங்கக் கூடாதுபோல’ என்று புரிந்துகொள்ள வேண்டியது. திட்டம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. தினமும் சாராயக் கடையில் நின்று பழகிய வண்டிமாட்டை ஒரே வாரத்தில் கோயில் வாசலுக்குத் திருப்பப் பார்த்தோம்.

முதல் நாள் திரும்பி வந்தவள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். “உடைமரத்துக்கு மேல வந்ததும் சவம் மூக்கக் கவுத்துது அண்ணாச்சி. கம்பிய முன்னாடி தள்ளிப் பிடிச்சேன். அது இழுக்குது, நான் தள்ளுதேன். மேல வச்சுக் குடுமிப்பிடிச் சண்டை.”

இரண்டாம் நாள் தோள் வீங்கியது. மூன்றாம் நாள் நல்லெண்ணெயும் சூட்டு ஒத்தடமும். ஐந்தாம் நாள் சோற்றைப் பிசைந்தவாறே தூங்கினாள். அவளுடைய கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை வழித்து எடுத்திருந்தால் ஒரு பள்ளிக்கூடத்துக் கரும்பலகைகளுக்கெல்லாம் பூசியிருக்கலாம்.

ஆறாம் நாள் அவள் வந்து இறங்கி, என் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி, இன்னைக்கு மேல வச்சே தூங்கிட்டேன்.”

“ஐயோ!”

“முழிச்சுப் பாக்கேன், கீழ உடைமரத்துப் பக்கத்துல நிக்கேன். எஞ்சின் அணைஞ்சு கெடக்கு. நான் எறக்கல்ல. அதுவா எறக்கிருக்கு. காலுகூட நான் மேல வைக்கல்ல. அதுவா ஆடி, அதுவா வீசிக்கிட்டு நிக்குது.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான் சோம்பல் முறிச்சதும்தான் எஞ்சினப் போட்டுச்சு. நான் முழிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு நின்னுருக்கு அண்ணாச்சி. இதப் போயி எப்பிடி மறக்கடிக்கச் சொல்லுதிய?”

மறக்கடிக்கவில்லை. அதிலிருந்து நாலாம் நாள் தேர்வு அலுவலர் வந்துவிட்டார்.

இளம்பரிதி என்று பெயர். நாற்பத்தைந்து வயது இருக்கும். முகத்துக்கு எழுபது. நாற்பது நாளில் பதினெட்டு மாவட்டம் சுற்றி நூற்றெட்டுத் துணிகளுக்குத் தேர்வு வைத்துவிட்டு வந்திருந்தார். முப்பத்தோரு துணியைத் தோற்கடித்திருந்தார் என்று முன்னாலேயே சேதி வந்திருந்தது. டீயைக் கையில் கொடுத்தால், குடிக்க வேண்டும் என்பதையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதிவேடு?” என்றார்.

கொடுத்தேன். பதினோரு வருடத்தையும் கேட்டார். புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

“இங்க காத்து எப்பவும் எதிர்லயேதான் அடிக்குமா?”

“கடலோரம் பாருங்க சார். வெவஸ்தையில்லாத காத்து.”

“போகும்போதும், வரும்போதும்?”

“ரொம்ப வெவஸ்தையில்லாத காத்து.”

தங்கபுஷ்பம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே கம்பத்தில் காற்றுத்திசை காட்டும் துணிக்குழாய், துவைத்துப் பிழியாத துண்டுபோலத் தொங்கியது. பங்குனி மாதம். அன்றைக்கென்று பார்த்துக் காற்றும் விடுப்பில் போயிருந்தது.

“நானே பின்சீட்ல உட்கார்ந்து போறேன். முன்சீட்ல மூட்டை. முழுத்தடமும்,” என்றார்.

“சார் முன்னாடி பறந்துருக்கியளா?”

“பெரிய விமானம் பன்னிரண்டு வருஷம் ஓட்டியிருக்கேன்.”

“அதான் சார் பயமாருக்கு,” என்றேன். “அதுல இழுத்தா ஏறும். இதுல இழுத்தா மூக்கு கவுந்து எறங்கும். தள்ளினாத்தான் ஏறும். வலது பக்கம் போவணும்னா கம்பிய இடது பக்கம் தள்ளணும். எல்லாமே தலைகீழு. பெரிய விமானம் ஓட்டினவங்க பதட்டத்துல பழைய பழக்கத்துக்கு இழுத்துருவாங்க சார். அப்பிடி இழுத்த ரெண்டு பேருக்கு நான் மாலை போட்டுருக்கேன்.”

“நான் எதையும் தொட மாட்டேன்.”

மறுநாள் காலை ஏழுக்கு வண்டி கிளம்பியது. முன்னிருக்கையில் ஆறு பைகளும் வார்ப்பட்டை மாட்டிக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தன. தங்கபுஷ்பம் கிட்டே போய்ப் பன்னிரண்டு கிலோப் பையைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தி வைத்தாள். “அந்தத் தோளு கொஞ்சம் எறக்கம் சார்,” என்றாள். அலுவலர் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டார்.

அறையில் ஒரு திரை. அதில் வண்டி ஒரு பச்சைப் புள்ளி. காலையிலிருந்து நாங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். புள்ளி மணப்பாட்டில் இறங்கியது, ஏறியது. ஒவ்வொரு தீவிலும் சொன்ன நிமிடத்துக்கு இறங்கியது. தங்கபுஷ்பம் சாப்பிடவில்லை. “இன்னும் ஆயிரம் மணி நேரம்னா நான் செத்துருவேன் அண்ணாச்சி,” என்றாள், சாதாரணமாக. உப்பு கொஞ்சம் கூடுதல் என்பதுபோல.

இரண்டு முப்பத்தெட்டு. இரண்டு முப்பத்தொன்பது.

இரண்டு நாற்பதுக்குப் புள்ளி நின்றது.

“எறங்கிட்டான்,” என்றேன். என்ன மரியாதை இருந்தால் என்ன, அந்த நேரத்தில் துணிக்கு ‘ன்’ தான் வந்தது.

மூன்று மணி ஆயிற்று. புள்ளி நகரவில்லை. மூன்று ஐந்து. மூன்று பதினைந்து. தங்கபுஷ்பம் எழுந்து நின்றாள்.

“இருவது நிமிஷத்துக்கு மேல அது நிக்காதுல்லா அண்ணாச்சி. முன்சீட்டுல மூட்டதான? மூட்டையா சோம்பல் முறிக்கப் போகுது? இருவது முடிஞ்சதும் தானா கெளம்பிருமே.”

“ரேடியோவுல கூப்பிடுதேன்.”

கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். இரைச்சல்தான் வந்தது.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு. இறங்கும்போது மனுஷன் பயந்து, ஏற்றுவதாக நினைத்துக் கம்பியை இழுத்திருப்பார்.

ஜீப்பை எடுத்தேன். தேரியின் செம்மணலில் ஜீப் ஓடாது, நீந்தும். ஆனால் அன்றைக்கு ஓடியது. வழியில் மூன்று மணல்மேடுகள் தாமாகவே ஒதுங்கி வழிவிட்டன என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தங்கபுஷ்பம் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்: “நான் தூங்கினதுக்கு அவரு போயிரக் கூடாது. நான் தூங்கினதுக்கு அவரு போயிரக் கூடாது.”

தண்ணீர் வழிமறித்த இடத்தில் ஜீப்பை விட்டுவிட்டு முழங்கால் நீரில் நடந்தோம். மேட்டில் ஏறியதும் உடைமரம் தெரிந்தது. பக்கத்தில் இறக்கை தெரிந்தது. முழுசாக. அது ஆடிக்கொண்டிருந்தது.

மெதுவாக, இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு. அதற்குக் கீழே நிழல். நிழலுக்குள் பின்னிருக்கையில் தேர்வு அலுவலர் இளம்பரிதி வாயைத் திறந்து தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை உப்பளம் முழுக்கக் கேட்டது. ரேடியோ அவர் மடியில் கிடந்து என் குரலில் கத்தி ஓய்ந்திருந்தது.

நான் எழுப்பப் போனேன். தங்கபுஷ்பம் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“விடுங்க அண்ணாச்சி. மனுசன் எத்தன நாளாத் தூங்கலியோ.”

“ஏ புள்ள, ஒன் தலையெழுத்தே அவரு கையில கெடக்கு!”

“அதுக்காவ? முழிச்ச பொறவு எழுதட்டும்.” அவள் இறக்கையை அண்ணாந்து பார்த்தாள். “பின்சீட்டுலயும் இழை இருக்கில்லா? மூட்டையில்ல, ஆளுன்னு கண்டுக்கிட்டு. அதான் கெளம்பாம நிக்குது.”

நிழல் பெரிதாக இருந்தது. நாங்களும் உட்கார்ந்தோம். காற்று வந்தது. அன்றைக்கு ஜில்லாவிலேயே காற்றடித்த ஒரே இடம் அதுதான். எனக்கே கண் சொக்கியது. பொய் சொல்வானேன், ஒரு பத்து நிமிடம் நானும் போய்விட்டேன்.

நாலு ஐம்பதுக்கு அவர் சோம்பல் முறித்தார். உடனே எஞ்சின் உறுமியது. தங்கபுஷ்பம் பாய்ந்துபோய் அதை அணைத்தாள். அவர் எங்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார்.

“எவ்வளவு நேரம்?”

“ரெண்டு மணி பத்து நிமிஷம் சார்.”

அவர் இறங்கவில்லை. முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்துக்கொண்டார்.

“இறங்க ஆரம்பிச்சதும் எனக்குத் தெரியும்மா,” என்றார் அவளிடம். “நேத்து ராத்திரி முழுக்க உங்க பதிவேட்டை வானிலைக் கணக்கோட ஒத்துப் பார்த்தேன். மூவாயிரம் நாள்ல நிஜமா எதிர்க்காத்து அடிச்சது நானூறு நாள்தான். அந்த இருபது நிமிஷம் எங்க போகுதுன்னு பிடிக்கத்தான் நானே ஏறினேன்.”

“நானூறு நாளு அடிச்சிருக்குல்லா சார்,” என்றேன் நான், கிடைத்த கொம்பைப் பிடித்துக்கொண்டு.

அவர் காதில் வாங்கவில்லை. “பிடிச்சிட்டேன்னு நினைச்சேன். ஆனா தரை கிட்ட வரவும் பயந்துட்டேன். தொட மாட்டேன்னு சொன்னவன், எட்டிக் கம்பியைப் பிடிச்சு இழுத்துட்டேன்.”

“இழுத்தியளா?”

“முழு பலத்தோட. அது கொடுக்கல.”

“எனக்கும் குடுக்காது சார்,” என்றாள் தங்கபுஷ்பம். “ஆறு நாளு மல்லுக்கட்டிப் பாத்துட்டேன்.”

“பூ மாதிரி இறக்குச்சு. எஞ்சினை அணைச்சுது. சரி, இருபது நிமிஷமும் என்னதான் பண்ணுதுன்னு பார்ப்போம்னு உட்கார்ந்தேன். விசிற ஆரம்பிச்சுது…” அவர் தங்கபுஷ்பத்தின் பக்கம் திரும்பினார். “இந்த இருபது நிமிஷத்தால யாருக்காவது கெடுதல் வந்திருக்காம்மா? நிஜத்தைச் சொல்லுங்க.”

அவள் அந்தக் காலின் கதையைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. தன்மேல் பாதி, தூங்காமையின்மேல் பாதி என்று பழியைப் பங்கு வைத்துச் சொன்னாள். அவர் பைகளின் பக்கமாகப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

பிறகு என்னிடம் கை நீட்டினார். “பேனா.”

தேர்வுப் படிவத்தில் ‘இடைநிறுத்தம், காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில்தான் முப்பத்தோரு துணிகளின் தலை விழுந்திருந்தது. அவர் எழுதுவதை நான் தலைகீழாகப் படித்தேன். தலைகீழாகப் பார்த்தே வாழ்ந்த பிழைப்பல்லவா என்னுடையது!

‘எதிர்க்காற்று, இரண்டு மணி பத்து நிமிடம்.’

“எந்தத் திசைன்னு போடணும்?” என்றார்.

“தெக்கருந்து போடுங்க சார்,” என்றாள் தங்கபுஷ்பம். “எனக்கு அதான் வழக்கம்.”

அன்று மாலையே அவளுக்கு விடுவிப்பு.

நல்லபடியாகப் பறந்த துணி என்று அவளுடையதைத்தான் மாதிரியாக எடுத்தார்கள். அது படித்ததையெல்லாம் கடலோரத்து நானூற்றுப் பன்னிரண்டு துணிகளுக்கும் ஏற்றினார்கள். அன்றிலிருந்து இரண்டு நாற்பதுக்கு நானூற்றுப் பன்னிரண்டு தொங்கட்டான்களும் கிடைத்த கெட்டித் தரையில் இறங்கி நின்று இருபது நிமிடம் விசிறின. வண்டி வராமல் உப்பளத்தில் என்ன செய்வது? மண்வெட்டியை ஊன்றிவிட்டு ஜனம் உட்கார்ந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாக்கள் மேஜையில் தலை சாய்த்தார்கள். சிவப்புத் துணி கட்டிய பெட்டி ஏறினால் மட்டும் வண்டி இறங்காது. அதையும் அது அவளிடம்தான் படித்திருந்தது. மேலிடத்தில் யாரோ கணக்குப் பார்த்து அந்த இருபதைப் பிடுங்க முயன்றார்களாம். கூட்டம் இரண்டரை மணிக்கு ஆரம்பித்ததால் முடிவு எடுக்க முடியவில்லை என்று கேள்வி.

ஒரு மாதம் கழித்துத் தங்கபுஷ்பத்தைப் பார்க்கப் போனேன். கண்ணுக்குக் கீழே கருப்பு அப்படியே இருந்தது.

“என்ன புள்ள, இன்னும் யாரு ஒன்ன ஓட்டச் சொல்லுதா?”

“தூக்கம் வரல்ல அண்ணாச்சி. மெத்த இருக்கு, காத்தாடி இருக்கு, எழுப்ப ஆளில்ல. கண்ண மூடினா தோளு சாயுது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். எனக்குத் தெரிஞ்ச ஒரே தூக்கத்த அந்தச் சீலைக்குச் சொல்லிக் குடுத்துட்டேன்போல. எனக்குன்னு ஒண்ணும் மிஞ்சல்ல.”

மருந்து, மாத்திரை, சூடான பால் என்று நான் ஏதேதோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

நான் பணி ஓய்வு பெற்றதற்கு மறுவருடம், என் இடத்துக்கு வந்த எபநேசர் தொலைபேசியில் கூப்பிட்டார். கெட்டிக்காரர், எண்ணெய்கூட எண்ணித்தான் ஊற்றுவார்.

“அண்ணாச்சி, எல்லா வண்டியும் சரியா இருவது நிமிஷம். மணப்பாட்டுத் தடத்து வண்டி மட்டும் சில நாளு ஒரு மணி நேரம், ஒண்ணரை மணி நேரம் நிக்குது. சிவப்புப் பெட்டி இருக்கிற நாளு மட்டும் நிக்கிறதில்ல. துணியில பழுதான்னு பாத்தேன், ஒண்ணுமில்ல. இன்னைக்கு வந்து எறங்கினதும் மூட்டையப் பாக்கேன், ஆறு பையும் எடம் மாறிக் கெடக்கு. பன்னெண்டு கிலோப் பை மட்டும் ஒழுங்கா வலது பக்கமா ஒதுக்கி வச்சிருக்கு. ஆளில்லாத திட்டுல பைய யாரு எறக்கி ஏத்துதா?”

முழங்கால் நீரில் நடந்து போகிற ஒருத்தி என் கண்ணுக்குள் தெரிந்தாள். பை பையாக இறக்கி வைத்துவிட்டு முன்னிருக்கையில் ஏறி உட்காருகிறாள். காலை மேலே வைக்கிறாள். துணி அறுபத்திரண்டு கிலோவைத் தொட்டுப் பார்க்கிறது. அது மணல் இல்லை என்று அதற்குத் தெரிகிறது.

“எபநேசரு, பதிவேட்டுல நீரு என்ன எழுதினீரு?”

“இன்னும் எழுதல்ல. அதான் ஒங்ககிட்ட கேக்கேன்.”

“அந்தத் திட்டுல மட்டும் காத்து கொஞ்சம் கூடுதல்,” என்றேன். “கையெழுத்துப் போட்டுரும்.”